ஊது மணக்கும் மனிதர்

ஜும்ஆவில் அருகே வந்து அமர்பவரிடம் ஊது அத்தர் மெல்ல மணந்தால், முகத்தைப் பார்க்கும் முன்பே, ‘நிதானமானவர், அதிகம் பேசாதவர்’ என்று மனம் சொல்லிவிடும். என் வாப்பா அப்படிப்பட்டவர். விரல் நுனியில் ஒரு துளி. அதற்கு மேல் பூசமாட்டார்.

இந்த மணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நோயற்ற அகில் மரத்தில் இது இல்லை. மரம் காயப்பட்டு, பங்கசு உள்ளே புகுந்தால், தன்னைக் காத்துக்கொள்ள அது கரும்பிசினை உண்டாக்குகிறது. பிசின் ஊறிய அந்தக் கட்டைதான் ஊது.

நமது ஈரவலயக் காடுகளில் வளரும் வல்லப்பட்டையிலும் இதையொத்த பிசின் உண்டென 2012இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அகிலைப் போலவே இதுவும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மரம். ஆனாலும் களவாகத் தறிப்போர் ஓயவில்லை. எந்த மரத்தில் பிசின் இருக்கிறது என்பதை வெளியே நின்று அறிவது கடினம். ஆகவே வெறும் மரங்களும் சேர்ந்தே சாய்கின்றன.

அத்தர் வாங்கும்போது, “இது எங்கிருந்து வந்தது?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நிதானம் போத்தலில் வருவதில்லை. காசை நீட்டுமுன் இப்படி ஒரு கேள்வி கேட்பவரிடம் அது இருக்கிறது. ஊதின் மணமும் அவருக்கே பொருந்தும்.