தடைக்காலமும் விடைக்கோழியும்

வேம்பாரில் இருந்து மணப்பாடு வரை, தூத்துக்குடிக் கரையோர வீடுகளின் முற்றத்தில் நாலைந்து நாட்டுக்கோழிகளைப் பார்க்கலாம். கடல் வருமானம் வீட்டுக்காரருடையது என்றால், கோழிக்காசு வீட்டுக்காரியுடையது. பிள்ளைக்கு நோட்டு, அவசரத்துக்கு பஸ் செலவு எல்லாம் அதில்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வீட்டில் காசு குறையும் அந்த நேரம் பார்த்துத்தான் கோழி வியாபாரி வருவார். "முட்டையும் வைக்கல, சும்மா தீனிதானே திங்குது, குடுத்துருங்கக்கா" என்பார். தையில் பொரித்த குஞ்சுக்கு அப்போது நாலு, ஐந்து மாதம். பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் ஐந்து மாதத்தில் முட்டையிடும். நாட்டுக்கோழிக்கு ஆறு மாதம், சிலவற்றுக்கு ஏழு மாதமும் ஆகும். முட்டைக்கு இன்னும் சில வாரம் இருக்கையில் விடைக்கோழி கறிக்குப் போய்விடுகிறது. வைத்திருந்தால், ஒரு தடவைக்கு 10 முதல் 15 முட்டை இட்டு அடைக்குப் படுக்கும். வருடத்தில் மூன்று, நான்கு தடவை இப்படி இடும்.

விற்கும் முன் கோழியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கொண்டையும் தாடியும் வெளிறி, சிறுத்திருந்தால் நாள் இருக்கிறது. சிவந்து பெருத்திருந்தால் முட்டை பக்கத்தில் வந்துவிட்டது. கிட்டே போனால் ஓடாமல் பதுங்கி உட்காரும். மூலை முடுக்கெல்லாம் தேடிக்கொண்டு கேறும். பின்புறம் இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழைந்தால் இடம் விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போதே பனையோலைப் பெட்டியில் மணலும் வைக்கோலும் போட்டு, இருட்டான மூலையில் வைத்துவிட வேண்டும்.

முதல் முட்டைகள் சிறுத்திருக்கும். ஒன்றிரண்டு தோல்முட்டையாகவும் வரலாம், பயப்பட வேண்டாம். தொடர்ந்து தோல்முட்டை வந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். கடைசியாக 1961-ல் முத்துக்குளித்த இந்தக் கரையில் சிப்பி ஓட்டுக்குப் பஞ்சமில்லை. நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்து, நொறுக்கித் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். தீவனத்தோடு கலக்கக் கூடாது. முட்டையிடாத இளங்கோழிக்கு அதிகச் சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். பவளத் துண்டுகளைப் பொறுக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம்.

கருவாட்டுக் கழிவில்தான் கவனம் வேண்டும். புரதம் உண்டு என்று உப்புக் கருவாட்டை அப்படியே போட்டால் கோழி தண்ணீராகக் குடித்து, கழிந்து, செத்தும் போகும். உப்பிடாத மீன் கழிவை வேகவைத்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். குடிக்க நல்ல தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை முட்டைப் பருவத்துக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுவது நல்லது.

அடை வைக்கும் மாதத்தை மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும். புரட்டாசியில் பொரித்த குஞ்சு பங்குனி, சித்திரையில் முட்டைக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் குஞ்சைக் காப்பாற்றுவது சிரமம்தான். நனையாத கூடும், கதகதப்பும் வேண்டும். அந்தப் பாடு பட்டால், படகு கரையில் நிற்கும் இரண்டு மாதமும் முற்றத்தில் முட்டை கிடைக்கும். வியாபாரி வந்தாலும் சேவலைக் காட்டி அனுப்பிவிடலாம்.