வாங்கிய பொருள் யாருடையது?

நாம் செய்த பிழை ஒன்றை நம் சங்கத்து அன்பர்களிடம் ஒப்புக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். பிழை பெரிதன்று என்று சிலர் கூறக்கூடும். ஆயினும், பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் நாள் கணக்கில் பெற்ற தந்தையிடம் முகங்கொடுத்துப் பேசாதிருந்தான் என்றால், அது சிறிய பிழையும் அன்று. பிள்ளைகளுக்குக் கணினி விளையாட்டு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். அவர்களுள் ஒருவரேனும் நம்மைப் போல் அவசரப்படாதிருந்தால், எழுதியதன் பயன் கைகூடியதாகக் கொள்வோம்.

நாம் குடியிருப்பது மும்பை மாநகரின் செம்பூர்ப் பகுதியில். மகன் பதினோராம் வகுப்பு மாணவன். கும்பகோணத்திலிருந்து அவன் தாத்தா தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அனுப்பிய பணத்தை இரண்டாண்டுகள் சேர்த்து வைத்திருந்தான். சென்ற ஆண்டு, தான் நெடுநாளாக எதிர்பார்த்திருந்த ஆட்டம் ஒன்றை, அது வெளிவருவதற்கு முன்னரே முழு விலையும் செலுத்தி, இணையக் கடை ஒன்றில் வாங்கினான். விலை நான்காயிரம் ரூபாய்க்குச் சற்றே குறைவு. கடைக்குப் பணம் சென்றது நமது வங்கி அட்டையிலிருந்து. அவனோ ரொக்கத்தை நம் கையில் எண்ணி வைத்தான். ஆட்டத்தின் பெயரும் கடையின் பெயரும் இங்கே வேண்டா.

ஆட்டம் வந்தது. வந்த கோலத்தை நாமும் அருகிருந்து கண்டோம். மனிதர்கள் இடுப்பளவு தரையில் புதைந்தபடி நடந்தார்கள். குதிரையொன்று அந்தரத்தில் நின்றது. சிறிது நேரத்திற்கொரு முறை திரை அப்படியே உறைந்து, ஆட்டம் தானாகவே மூடிக்கொண்டது. பையன் மறுபடியும் திறப்பான்; மறுபடியும் மூடிக்கொள்ளும். மூன்று நாட்கள் இவ்வாறு போராடிய பின்னர், பணத்தைத் திருப்பித் தருமாறு கடைக்கு எழுதினான். திருப்பித் தருவதற்கென்று குறித்த ஆட்ட நேரத்தைத் தாண்டிவிட்டீர்கள், ஆகவே இயலாது என்று பதில் வந்தது. அந்த நேரத்தில் பெரும்பகுதி திறந்துவிட்டுக் காத்திருந்த நேரம் என்பதை எடுத்துச் சொல்ல மறுமுனையில் மனிதர் எவரும் அகப்படவில்லை.

“போகட்டும் அப்பா, திருத்தம் அனுப்புவார்கள். பொறுத்துப் பார்க்கலாம்” என்றான் மகன்.

நமக்குப் பொறுக்கவில்லை. புழுத்த அரிசியைக் கொடுத்த கடைக்காரன் அடுத்த மாதம் நல்ல அரிசி தருவான் என்று யாராவது காத்திருப்பார்களா? அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வங்கிக்கு எழுதினோம். அந்தச் செலவை ஏற்கவில்லை என்று தகராறு எழுப்பினோம். சில வாரங்களில் வங்கி பணத்தை நம் கணக்கில் திரும்ப வரவு வைத்தது. அலுவலகத்தில் நண்பர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

அன்று மாலை வீடு திரும்பியபோது மகன் கணினியின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். வங்கி வழியாகப் பணம் திரும்பப் பெறப்பட்டதால் அந்தக் கடையில் அவனுடைய கணக்கு முழுவதும் முடக்கப்பட்டிருந்தது. பழுதான அந்த ஓர் ஆட்டம் மட்டும் போகவில்லை. ஆறாண்டுகளாக வாங்கியவையும் பிறந்த நாட்களுக்குப் பரிசாகப் பெற்றவையுமாக முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் அக்கதவுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டன.

அவற்றுள் ஒன்று ‘ஸ்டார்டியூ வேலி’ என்னும் ஆட்டம். 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெரும்பாலும் தனியொரு மனிதரே பல ஆண்டுகள் உழைத்து ஆக்கியது. அதில் சண்டை சிறிதளவே. நிலத்தை உழுவதும், விதைப்பதும், கால்நடை வளர்ப்பதுமே பெரும்பகுதி. திருநெல்வேலியில் இருக்கும் பெரியம்மா மகனும் நம் மகனும் அதில் ஒரு பண்ணையைச் சேர்ந்து நடத்தி வந்தார்கள். இரவுதோறும் அரை மணி நேரம், காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, “அண்ணே, பூசணிக்குத் தண்ணி விட்டாச்சா?” என்று இவன் கேட்பதும், அவன் நெல்லைத் தமிழில் ஏதோ சொல்லிச் சிரிப்பதும் அடுத்த அறையில் நமக்குக் கேட்கும். பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் இந்தியும் மராத்தியும் பேசும் பிள்ளைக்கு, தன் வயதுப் பையனோடு நாள்தோறும் தமிழ் பேச வாய்த்தது அந்த அரை மணி நேரந்தான். அதையும் நம் கையாலேயே அடைத்துவிட்டோம்.

“வங்கிக்கு எழுதுமுன் பையனை ஒரு வார்த்தை கேட்டீர்களா?” என்று இல்லாள் வினவினாள். நம்மிடம் விடை இல்லை.

அடுத்த ஞாயிறன்று சங்கத்தின் தமிழ் வகுப்பு முடிந்ததும், படிக்கட்டில் பிள்ளைகள் ஐந்தாறு பேர் கூடி உரக்க வாதாடிக்கொண்டிருந்தார்கள். நம் மகனும் அவர்களுள் இருந்தான். சற்றுத் தள்ளி ஒரு நாற்காலியில் அமர்ந்து செவிகொடுத்தோம். ஏமாற்றிய ஆட்டங்களைப் பற்றிய வழக்குமன்றம் அது. வெறும் வசையாக இருக்கும் என்று எண்ணிய நமக்கு, அவர்கள் வழக்குகளைத் தரம் பிரித்த முறை வியப்பளித்தது.

முதலில் வந்தது ‘சைபர்பங்க் 2077’. போலந்து நாட்டு நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் 2012இலேயே அறிவித்து, எட்டாண்டுகள் ஆவலைத் தூண்டி, 2020 டிசம்பர் 10இல் வெளியிட்ட ஆட்டம். பழைய பிளேஸ்டேஷன் கருவிகளில் அது ஓடிய அலங்கோலத்தைக் கண்டு, சோனி நிறுவனம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தன் கடையிலிருந்தே அதை நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் அக்கடையில் ஏறியது. “ஆனாலும் விட்டு ஓடவில்லையே, 2023 வரை திருத்திக்கொண்டே இருந்தார்கள். இப்போது நல்ல ஆட்டம்” என்றான் ஒருவன். “முழு விலை கொடுத்தவன் மூன்றாண்டு ஏன் காத்திருக்க வேண்டும்?” என்று எதிர்த்தான் மற்றொருவன். இரண்டும் நியாயமாகவே நமக்குத் தோன்றின.

அடுத்தது ‘கான்கார்ட்’. 2024 ஆகஸ்ட் 23இல் சோனி வெளியிட்டது. ஆடுவார் இல்லாமையால் செப்டம்பர் 6இலேயே நிறுத்தப்பட்டது. இரண்டு வாரமே உயிர் வாழ்ந்தாலும், வாங்கியவர் பணம் முழுவதும் திருப்பித் தரப்பட்டது. “தோற்றவன் கடனை அடைத்துவிட்டுப் போனான், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை” என்றான் முலுண்டிலிருந்து வரும் பையன்.

மூன்றாவது வழக்கில்தான் குரல்கள் உயர்ந்தன. யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய ஆட்டம் மோசமான ஆட்டமே அன்று. ஆனால் தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இருந்தாக வேண்டும். 2024 மார்ச் 31இல் அந்தச் சர்வரை நிறுத்தினார்கள். விலை கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் வட்டு இருந்தும் ஆட்டம் இல்லை. இதனால் எழுந்த கிளர்ச்சி ஐரோப்பாவில் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. கலிபோர்னியாவில், இணையக் கடைகள் விற்பது உரிமையன்று, பயன்படுத்தும் உரிமமே என்பதை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் 2025 முதல் நடைமுறைக்கு வந்தது.

இங்கேதான் நமக்கு விளங்கியது. லைசென்ஸ் என்னும் சொல்லின் பொருளை மும்பைத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பதினோரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தில் வாசலில் கோலமும் பூஜையறையில் விளக்கும் வைத்து வாழ்கிறோம். ஆயினும் சாவி யாருடையது என்பதை ஒரு நாளும் மறப்பதில்லை. பிள்ளைகளுடைய ஆட்டங்களும் அப்படிப்பட்ட குடித்தனமே. வேற்றுமை ஒன்றே: நமது ஒப்பந்தத்தை நாம் படித்துக் கையெழுத்திடுகிறோம், அங்கே, ‘வாங்கு’ என்று எழுதிய பொத்தானை அழுத்துகிறோம். நாம் வீட்டுக்காரரோடு சண்டையிட்டோம். சாமான்கள் உள்ளே இருக்கக் கதவு பூட்டப்பட்டது.

அந்த வேளையில் ஒரு சிறுவன் நம் மகனைக் கேட்டான்: “வங்கியில் சொல்லிப் பணத்தை இழுத்தால் கணக்கைப் பூட்டிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியுமே! நீ ஏன் அப்படிச் செய்தாய்?”

மகன் நாம் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. “அவசரப்பட்டு நான்தான் செய்துவிட்டேன்” என்றான்.

நம்மோடு பேசாதிருந்த பிள்ளை, நண்பர்கள் நடுவே நம் பெயரைக் காத்தான். வீடு திரும்பும் வழியில் ரயிலிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். தந்தை மகனிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீட்டில் வழக்கமில்லாதது. சொல்லி முடிக்க இரண்டு நிலையங்கள் ஆயின. அவன் சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி அப்பா, முதலில் பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு எழுதுவோம்” என்றான்.

அவ்வாறே செய்தோம். வங்கியில் எழுப்பிய தகராறை விலக்கிக்கொண்டு, அந்தத் தொகையைக் கடைக்கே செலுத்தினோம். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இத்தகைய நிறுவனங்கள் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் முறையீடு கிடைத்ததை நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். இதை அறிந்து அந்த அலுவலருக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதினோம். பூட்டிய பத்தொன்பதாம் நாள் கணக்கு திறந்தது. பழுதான ஆட்டத்தின் விலை மட்டும் வரவில்லை.

கடைகள் வைத்ததே சட்டம் என்று அன்பர்கள் எண்ணிவிட வேண்டா. ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை இல்லை என்று வாடிக்கையாளரைத் தவறாக எண்ணச் செய்தது குற்றமென்று ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்து, முப்பது லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நாம் சச்சரவிட்ட கடை அதுவன்று. எனினும் பாடம் எல்லாருக்கும் பொது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் வாங்கும்போது அதிகம் பறிக்காமலும் விற்கும்போது அளவைக் குறைக்காமலும் தொழில் செய்தார்கள் என்று பட்டினப்பாலை போற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத பண்டத்தை விற்கும் வணிகருக்கும் அந்த அறம் உரியதே.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. ஆட்டம் வெளிவருமுன் பணம் கட்டாதீர்கள். ஆடியவர்கள் சொல்வதைக் கேட்டபின் வாங்கலாம். திருப்பித் தரும் விதியை முதலிலேயே படியுங்கள். குறை நேர்ந்தால் முதலில் கடையின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வங்கியை நாடுவது கடைசி வழியாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். இந்த வாணிகத்தின் நெளிவு சுளிவு நம்மைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கணக்கு திறந்த அன்றிரவு மகன் முதலில் போய்ப் பார்த்தது அந்தப் பண்ணையைத்தான். அண்ணன் அதைத் தனியொருவனாகவே காத்து வந்திருந்தான். பூசணிக்கு நீர் பாய்ச்சி, மாடுகளுக்கு வைக்கோல் இட்டு, இவன் குடிசையைச் சுற்றிலும் பூச்செடிகளும் நட்டிருந்தான். அடுத்த அறையிலிருந்து சிரிப்பொலி கேட்டது. அன்று அரை மணி நேரம் கடந்த பிறகும் நாம் எழுந்து சென்று விளக்கை அணைக்கச் சொல்லவில்லை.