68 கிலோ மனிதர்

எளாவூரில் மாடி என்பது பெரும்பாலும் வற்றல் காயப் போடும் இடம். ஒரு புறம் பழவேற்காட்டு ஏரியின் உவர் நீரும் சேறும், மறுபுறம் ரயில் பாதையும் நெடுஞ்சாலையுமாகக் கண்ணுக்கெட்டிய மட்டும் சமதரையாகக் கிடக்கும் இந்தப் பூமியில் பிறந்தவர்கள், மின்சார ரயிலேறிச் சென்னைக்கு உத்தியோகத்துக்கோ வியாபாரத்துக்கோ போன பிறகுதான், காலை அசைக்காமலே மனிதனை உயர்த்திவிடும் அந்த விசித்திரமான அறைக்குள் முதன்முதலாக நுழைகிறார்கள். மௌண்ட் ரோட்டில் 1959-இல் எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டபோது, அந்த 14 மாடிகளை அண்ணாந்து பார்ப்பதே பட்டணப் பிரயாணத்தின் பெரும் பலனாக இருந்தது. இன்று நாலு மாடிக் குடியிருப்புக்கும் லிஃப்ட் சர்வ சாதாரணம். அதற்குள் ஏறியவர்களின் சுபாவந்தான் இன்னும் சாதாரணமாகவில்லை.

விளக்கு எரிந்துகொண்டிருக்கும் பொத்தானை மறுபடியும் மறுபடியும் அமுக்குகிறவர், கீழே போக வேண்டியிருக்க, எது முதலில் வந்தாலும் சரியென்று இரண்டு பொத்தான்களையும் அமுக்கிவிட்டு நிற்பவர், பக்கத்து வீட்டுக்காரரோடு பத்து வருஷம் பழகியிருந்தும் உள்ளே நுழைந்ததும் மாறும் எண்களையே வேதம்போல் வாசிக்கிறவர் என்று எத்தனையோ ரகம். எனினும், பாரம் மிகுந்துவிட்டது என்று மணி அடிக்கும் க்ஷணத்தில் நடக்கும் நியாய விசாரணைக்கு இவையெல்லாம் ஈடாகா. மூலையில் சாய்ந்து நிற்கும் ஸ்தூல சரீரி தமக்கு ஒரு சம்பந்தமும் இல்லாதவர்போல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, கடைசியாகக் காலை வைத்த பள்ளிக்கூடத்துப் பெண்தான், புத்தக மூட்டையோடு சேர்த்து அவரில் பாதி எடைகூட இல்லாதவள், எல்லார் பார்வைக்கும் இலக்காகி, குற்றவாளிபோல் இறங்கிப் போகிறாள்.

யந்திரத்துக்கு இந்தப் பாரபட்சம் தெரியாது. உள்ளே பதித்திருக்கும் தகட்டைப் பாருங்கள்: 6 பேர், 408 கிலோ; அல்லது 8 பேர், 544 கிலோ; அல்லது 13 பேர், 884 கிலோ. வகுத்துப் பார்த்தால், மானேஜரும் 68 கிலோ, அவருக்குக் காப்பி வாங்கி வரும் பையனும் 68 கிலோ. அந்தஸ்தைக் கழித்துவிட்டு மனிதனை அளந்த கணக்கு இது. சுவருக்குப் பின்னால், நம் கண்ணுக்குப் படாமல், பெட்டியின் எடையோடு அது தாங்கும் பாரத்தில் ஏறக்குறையப் பாதியையும் சேர்த்த எதிர் எடை ஒன்று கயிற்றின் மறுமுனையில் தொங்குகிறது. ஆகையால் பாதி நிறைந்த பெட்டியை நகர்த்துவதுதான் மோட்டாருக்குச் சுலபம். ஆளில்லாத வெறும் பெட்டி கீழே இறங்குவதற்கோ, அந்தக் கனத்த எடையை மேலே இழுத்தாக வேண்டும். கயிறு அறுந்தால் என்ன கதி என்று நடுங்குகிறவர்களுக்கு எலிஷா ஓடிஸ் 1854-லேயே நியூயார்க் பொருட்காட்சியில் சமாதானம் சொல்லிவிட்டார்: உயரத்தில் மேடைமேல் நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார், மேடை விழாமல் பிடித்துக்கொண்டது.

யந்திரத்தின் சங்கடங்களுக்கு இவ்விதம் பரிகாரம் கிடைத்தது. குடியிருப்போர் சங்கத்தின் சங்கடங்களுக்குத்தான் ஓடிஸ் யாரும் பிறக்கவில்லை. ‘ஏறாத லிஃப்டுக்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?’ என்று கீழ்வீட்டுக்காரர் கேட்பதும், ‘மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி உங்களுக்கும் சேர்த்துத்தானே?’ என்று மேல்வீட்டுக்காரர் மடக்குவதும் முடிவில்லாத வியாஜ்யம். அதற்கு மேற்பட்ட ஒன்றை வடசென்னையில் ஒரு குடியிருப்பின் வாசலில் கண்டேன். எங்கள் பக்கத்து அம்மாள் ஒருத்தி, மடவையும் நண்டும் நிறைந்த அன்னக்கூடையை இடுப்பில் ஏந்தி லிஃப்டை நெருங்கவும், காவல்காரர் குறுக்கே வந்தார்.

“கூடையோட ஏறாதீங்கம்மா, வாடை அடிக்குதுன்னு அசோசியேஷன்ல திட்டுவாங்க. படியில போங்க.”

“மீனு மட்டும் லிஃப்டுல போவலாமா தம்பி?”

அவர் பதில் சொல்வதற்குள் மூன்றாம் மாடி அம்மாளே இறங்கி வந்து, பேரம் பேசி, இரண்டு மடவையை வாங்கி, நீர் சொட்டும் பையோடு அதே லிஃப்டில் ஏறிப் போனார். தரையில் விழுந்த சொட்டுகளைக் காவல்காரர் காலால் தேய்த்துவிட்டார்.

எங்கள் ஏரியோரக் குப்பங்களில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாக விழும் இடங்கள் சிலவே ஆகையால், வலை போடும் உரிமை தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு முறைவைத்துச் சுற்றி வரும். இன்று ஒருவன் வலை போட்ட துறையில் நாளை மற்றொருவன் போடுவான். முறை எவ்வளவு செம்மையாக அமைந்திருந்தாலும், அதற்கு உரியவர்கள் யார் என்பதில் மட்டும் சண்டையும் பஞ்சாயத்தும் ஓய்ந்தபாடில்லை. லிஃப்டின் கதையும் அதுவே. எந்த மாடியில் யார் முதலில் அழைத்தார், எந்தத் திசையில் போய்த் திரும்புவது என்பதையெல்லாம் யந்திரமே அழகாகத் தீர்த்துவிடும்; வாசலில் நிற்பவளுக்கு அழைக்கும் உரிமை உண்டா என்பதை அது தீர்க்காது, அதைக் கூட்டம் போட்டு மனிதர்கள்தாம் தீர்க்க வேண்டும். வாடைக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும் என்றும், மாடியில் மீன் சமைத்து உண்பவர்கள் அதைச் சுமந்து வருகிறவளையும் ஏற்றிக்கொள்வதுதான் முறை என்றும் ஏதாவது ஒரு சங்கம் தன் நோட்டுப் புத்தகத்தில் தீர்மானம் எழுதுமானால், அந்தத் தகட்டில் உள்ள கணக்கு அந்தக் கட்டடத்தில் முதன்முறையாக அமலுக்கு வந்துவிட்டதென்று கொள்ளலாம்.