தம்பிக்கு மெடிக்கல் போர்டு

திருவொற்றியூரிலிருந்து ராணுவத்துக்குப் போன என் தம்பிக்குப் பணியில் முதுகில் அடிபட்டு டிஸ்க் விலகிவிட்டது. அடுத்த மாதம் மெடிக்கல் போர்டு. எம்ஆர்ஐ, சிகிச்சைத் தாள்கள், யூனிட்டில் எழுதிய காய அறிக்கை எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குகிறோம். அந்த அறிக்கைதான் உயிர். இயலாமை எத்தனை சதவீதம், அது பணியால் வந்ததா, பணியால் மோசமானதா என்று போர்டு எழுதும். பொதுவாக 20 சதவீதத்துக்குக் குறைந்தால் இயலாமை ஓய்வூதியம் கிடையாது. சேரும்போது பதிவாகாத நோயைப் பணியால் வந்ததாகவே கருத வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2023இல் இயலாமை ஓய்வூதிய விதிகள் மாறிவிட்டன.

தம்பி வலியைக் காட்டாமலே பழகியவன். டாக்டர் கேட்டால் “பரவாயில்லை சார்” என்றுவிடுவானோ என்பதுதான் என் பயம்.

எண்ணூர், ராயபுரம் பக்கம் படைவீரர் உள்ள வீட்டார், காய அறிக்கையின் நகலை இன்றே கேட்டு வாங்கி வையுங்கள்.