பெயர் இல்லாத கண்ணாடி

வழக்கம்போல நீளமான பதிவுதான். பொறுமை இல்லாதவர்கள் கடைசியில் உள்ள வேண்டுகோளையாவது படித்துவிடுங்கள்.

எங்கள் காடாம்புலியூர் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் அம்பாசடரை உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். முந்திரி வியாபாரம் கொஞ்சம் நன்றாகப் போன 1987இல் அப்பா அதைப் பழைய வண்டியாக வாங்கினார். வடலூர் தைப்பூசம், பண்ருட்டி சந்தை, தங்கை கல்யாணம் எல்லாவற்றுக்கும் அதுதான் ஓடியது. அந்த வண்டியில் ஒரு சட்டம் உண்டு. பின்சீட்டில் இடதுபக்க ஜன்னல் அப்பாவுக்கு மட்டும். அம்மாகூட நடுவில்தான் உட்கார வேண்டும்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. கடலூர் சில்வர் பீச்சுக்குப் போகும்போது அந்த ஜன்னல் வேண்டும் என்று அழுதாள். “அது என் இடம்” என்று சொல்லிவிட்டு அப்பா அசையவே இல்லை. குழந்தை பண்ருட்டி வரை தேம்பிக்கொண்டே வந்தது. “பெரிய ஜமீன்தார், முதலாளி சீட்டை விடமாட்டார்” என்று நான் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. அந்தக் கசப்பு எனக்கு அவர் போன பிறகும் இருந்தது.

போன மாதம் மகன் அந்த வண்டியை மறுபடி ஓடவைக்க வேண்டும் என்றான். நெய்வேலியில் கார் கண்ணாடி வேலை செய்யும் என் மாணவனை வரச்சொன்னேன். 1994 பத்தாம் வகுப்பு செட், கடைசி பெஞ்ச், அறிவியலில் 36 மதிப்பெண். (இதைப் படித்தால் கோபிக்காதே தம்பி!) அவன் ஈரத்துணியும் டார்ச்சுமாக ஒவ்வொரு கண்ணாடியின் மூலையையும் துடைத்துப் பார்த்தான்.

“சார், கண்ணாடிக்கும் ஜாதகம் இருக்கு, பாருங்க” என்றான்.

முன்கண்ணாடியின் ஓரத்தில் நகமளவுக்கு ஒரு முத்திரை. தயாரிப்பாளர் பெயர், ஐ.எஸ்.ஐ. குறி, ‘லேமினேட்டட்’ என்ற சொல். ஐ.எஸ். 2553 என்பது பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண். அதன் கீழே 3 என்ற இலக்கம், அதற்கு இடப்புறம் இரண்டு புள்ளிகள். இலக்கம் ஆண்டின் கடைசி எண். புள்ளிகள் இடப்புறம் இருந்தால் ஏழிலிருந்தும், வலப்புறம் இருந்தால் பதின்மூன்றிலிருந்தும் கழித்தால் மாதம் வரும். ஏழில் இரண்டு போனால் ஐந்து, அதாவது மே மாதம். முன்கண்ணாடியை 2003இல் மாற்றியது எனக்கு நினைவிருக்கிறது. கணக்கு சரியாக இருந்தது. எல்லா நிறுவனமும் இதே முறையைப் பின்பற்றுவதில்லை, பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன என்றான்.

பழைய பிரிட்டிஷ் ‘டிரிப்ளக்ஸ்’ கண்ணாடிகளில் வேறு முறை. ‘டஃபண்ட்’, ‘லேமினேட்டட்’ இரண்டு சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்துகள். எத்தனையாவது எழுத்தின் கீழே புள்ளி இருக்கிறதோ, அதுதான் ஆண்டின் கடைசி இலக்கம். எந்தப் பத்தாண்டு என்பதை வண்டியின் வயதை வைத்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று கதவுகளில் ‘டஃபண்ட்’ முத்திரை இருந்தது. நான்காவது, பின்பக்க இடது கதவு. நான்கு மூலையும் துடைத்தான். ஒன்றுமே இல்லை.

“சார், இதுக்குப் பேரே இல்ல. இது சாதா ஜன்னல் கண்ணாடி. கடையில அறுத்துப் போட்டது.”

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். டஃபண்ட் கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சித் திடீரென்று குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு சுருங்கும்போது மேற்பரப்பை அழுத்தத்தில் வைக்கும். அதனால் பலம் நாலைந்து மடங்கு. உடைந்தாலும் கூர் மழுங்கிய சிறுசிறு துண்டுகளாக உதிரும். அப்படிச் செய்தபின் அதை அறுக்க முடியாது, அறுத்தால் மொத்தமும் நொறுங்கிவிடும். ஆகவே கடையில் அளவெடுத்து அறுத்துக் கொடுத்தது என்றாலே அது சாதாரணக் கண்ணாடிதான். விபத்தில் கத்தி கத்தியாக உடையும். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுச் சாய்வாகப் பார்த்தேன். மற்ற மூன்றிலும் புள்ளிபுள்ளியாக நிழல் தெரிந்தது, குளிர்ந்த காற்று பட்ட தடம். இதில் வெறுமை. முப்பது வருடம் பாடம் நடத்திய எனக்கு, என் வீட்டு வண்டியிலேயே இது தெரியவில்லை.

அப்போதுதான் 1990 நினைவுக்கு வந்தது. தங்கை கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது லாரிச் சக்கரத்திலிருந்து கல் தெறித்து அந்தக் கண்ணாடி உதிர்ந்தது. அப்பா பண்ருட்டிக்குப் போய்ச் சாயங்காலமே புதுக் கண்ணாடியோடு வந்தார். கையில் காசே இல்லாத நேரம் அது.

அக்காவுக்குப் போன் போட்டேன். “அப்பா எப்போதிலிருந்து அந்த ஜன்னலில் உட்கார்ந்தார்?” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “முதல்ல அது என் ஜன்னல்டா. தங்கச்சி கல்யாணத்துக்கு அப்புறம்தான் என்னை நகரச் சொன்னார். எனக்கும் கோபம்தான்.”

அறுத்துக் கொடுத்தவர் அது எப்படி உடையும் என்பதைச் சொல்லாமலா கொடுத்திருப்பார்? அப்பாவிடம் கேட்க முடியாது. ஆனால் பதினைந்து வருடத்துக்கு மேல் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் அவர் வேறு யாரையும் உட்காரவிடவில்லை. சொன்னால் மாற்றச் சொல்லுவோம், மாற்றக் காசில்லை என்று சொல்ல வேண்டிவரும். பிறகு காசு வந்தபோது ஏன் மாற்றவில்லை என்று தெரியவில்லை. பழகிவிட்டதோ என்னவோ. ஜமீன்தார் என்று சொன்ன வாய் இது.

சென்னை புதுப்பேட்டையில் பழைய அம்பாசடர் ஒன்றிலிருந்து எடுத்த, முத்திரை உள்ள கண்ணாடியை அந்த மாணவனே தேடி வாங்கி வந்து மாட்டிவிட்டான். கூலி வாங்க மறுத்தான். சட்டைப் பையில் திணித்து அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆர்ச் கேட் வரை ஓட்டிப் பார்த்தோம். இடது ஜன்னலில் பேத்தி. பக்கத்தில் என் மகள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு வரும்வரை அவள் பேசவில்லை.

வேண்டுகோள் இதுதான். நாளைக் காலை உங்கள் வண்டியின் ஒவ்வொரு கண்ணாடியின் மூலையையும் துடைத்துப் பாருங்கள். பள்ளி வேன், ஆட்டோ ஓட்டும் என் பிள்ளைகள் முக்கியமாகப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் என்று 1989 மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. முத்திரை இல்லாத கண்ணாடி இருந்தால் மாற்றுங்கள். உடனே முடியாவிட்டால், அதன் பக்கத்தில் குழந்தைகளை உட்காரவைக்காதீர்கள். காரணத்தையும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர்