குனிந்தால் கொட்டாத பை

“கையைத் தொங்க விட்டு நேரா நில்லுங்க.” அளவெடுக்கும் டெய்லர் எவரும் முதலில் சொல்வது இதைத்தான். ஈரோட்டில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் நானும் அதையேதான் சொல்லிவந்தேன். தோள், மார்பு, இடுப்பு, கால் நீளம் என்று நோட்டில் நாங்கள் எழுதுவதெல்லாம் நிற்கிற ஆளின் அளவு. கல்யாணச் சட்டைக்கு அது போதும். வரவேற்பு முடியும்வரை மாப்பிள்ளை நின்றுகொண்டுதான் இருப்பார். கைத்தொழில் செய்கிறவர் நேராக நிற்பது டீக்கடையில் மட்டும். மற்ற நேரமெல்லாம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார், ஏணியில் ஒரு காலைத் தூக்கி வைத்திருப்பார், சிங்க்குக்கு அடியில் மல்லாந்திருப்பார். அந்த அளவுகளை யாரும் எடுப்பதில்லை. எடுக்காததன் விளைவு சட்டையிலோ பேன்ட்டிலோ தெரிவதைவிடப் பையில்தான் முதலில் தெரியும்.

சட்டைப் பையையே பாருங்கள். நாங்கள் வழக்கமாக வெட்டுவது நாலரை அங்குல அகலம், ஐந்தேகால் அங்குல ஆழம். பேனா, பீடிக்கட்டு, மடித்த ரசீது, பஸ் டிக்கெட் என்று இருந்த காலத்துக்கு ஏற்பட்ட அளவு. செல்போன் ஆறேகால் அங்குலத்தைத் தாண்டிவிட்டது. பைக்கு வெளியே ஓரங்குலம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நிற்கிறவரை ஒன்றும் ஆகாது. பிளம்பர் சம்ப்புக்குள் தலையை நீட்டுகிற நொடியில் மார்புப் பை தலைகீழாகிறது, அப்புறம் தண்ணீரில் ‘தொபுக்’தான். பழகிய பிளம்பர்கள் குனியும் முன் இடது கையை மார்பில் வைத்துக்கொள்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வால்வுக்கு வணக்கம் வைப்பது மாதிரி இருக்கும். ஒரு கையைப் பைக்குக் காவல் வைத்துவிட்டு மற்றக் கையால் ஸ்பேனரைத் திருப்புகிற ஆளுக்குக் கூலி என்னவோ ஒன்றுதான்.

பேன்ட் பையின் கதை இன்னும் மோசம். நம் ஊரில் தரையோடு தரையாக நடக்கிற வேலை அதிகம். டைல்ஸ் ஒட்டுகிறவர், சுவிட்ச் பாக்ஸுக்குக் காடி வெட்டுகிறவர், மோட்டார் கழற்றுகிறவர் எல்லாருமே குத்துக்காலிட்டுத்தான் உட்காருவார்கள். அப்படி உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட உயரத்துக்குப் போய்விடும். பையின் அடி மேலே, வாய் கீழே! சில்லறை, ஸ்க்ரூ, வண்டிச் சாவி எல்லாம் தொடைச் சரிவில் வழுக்கி இடுப்புப் பக்கமாக வெளியே வந்துவிடும். பின்பையில் இருக்கும் பர்ஸைத் துணி இறுகிப் பிதுக்கித் தள்ளும். பிக்பாக்கெட் அடிக்கவே ஆள் வேண்டாம்.

வெளிநாட்டு வேலைப் பேன்ட்டுகளை ஆளாளுக்கு மெச்சுகிறார்கள். மெச்ச வேண்டியவைதான். 1975-ல் ஸ்வீடனில் மாட்டி வீயோ என்ற எலக்ட்ரீஷியன், தனக்குக் கிடைத்த உடுப்பு வேலைக்கு உதவவில்லை என்று தானே தைக்கத் தொடங்கியதிலிருந்து வந்தது ஸ்நிக்கர்ஸ் என்ற நிறுவனம். அந்த நாட்டுப் பேன்ட்டுகளில் இடுப்பின் இரு பக்கமும் வெளியே தொங்கும் பைகள் இருக்கும். முழங்காலில் மெத்தை செருகத் தனிப் பை இருக்கும். அங்கே ஆட்கள் முழங்காலைத் தரையில் ஊன்றி வேலை செய்கிறார்கள். ஊன்றும்போது தொடை செங்குத்தாக நிற்பதால் பையின் வாய் மேல்நோக்கியே இருக்கிறது. அதே பேன்ட்டை நம் டைல்ஸ்காரருக்கு மாட்டிவிட்டால் அவர் குத்துக்காலிட்டதும் தொங்குபை இரண்டும் இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே மடங்கி நசுங்கும். அந்தக் கனத்த துணியோடு சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நிற்கச் சொல்வதும் பாவம். உடுப்பு அந்த ஊர் உட்காரும் விதத்துக்குப் பிறந்தது. அதைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு பேன்ட் வேண்டும் என்று ஒருவர் கேட்டு வந்தபோது, அவரை முதலில் கடைத் தரையில் உட்காரச் சொன்னேன். “அளவெடுக்கறதுக்கா உட்காரச் சொல்றீங்க மாஸ்டர்?” என்று சிரித்தார். உட்கார்ந்தபடியே தொடையில் சாக்பீஸால் கோடு போட்டேன். நிற்கும்போது தொடையின் முன்பக்கமாக இருப்பது, உட்காரும்போது மேல்பக்கமாகிவிடுகிறது. அதனால் தொடைப் பையின் வாயை அதன் தலையில் வைக்காமல் முன்விளிம்பின் மேல்பாதியில் நெடுக்காக வைத்தேன். தலையை முழுக்க மூடித் தைத்தாயிற்று. நிற்கும்போது சாமான் கீழே உள்ள மூடிய பாதியில் தங்கும். உட்காரும்போது வாய் வானத்தைப் பார்க்கும். இடுப்புப் பக்கம் சரிந்தாலும் மூடிய தலையில் முட்டி நிற்கும். கொக்கி இல்லை, பொத்தான் இல்லை. காசும் கூடவில்லை, வெட்டுதான் மாறியது.

பையைப் பற்றிப் பேசினால் ஜேகப் டேவிஸைப் பற்றிப் பேசாமல் முடியாது. ரீகாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய், நெவாடாவின் ரீனோ நகரில் கடை வைத்திருந்த டெய்லர். மரம் வெட்டுகிற ஒருவரின் மனைவி, கிழியாத பேன்ட் ஒன்று தன் கணவருக்கு வேண்டும் என்று வந்து கேட்டார். குதிரைப் போர்வைக்கு வார் பிடிக்க வைத்திருந்த செம்பு ரிவெட்டுகள் மேசையில் கிடந்தன. பையின் மூலைகளில் அவற்றை அடித்துக் கொடுத்தார் டேவிஸ். பேச்சு பரவி ஆர்டர் குவிந்தது. காப்புரிமைக்குத் தனியாகப் பணம் போட முடியாமல், தனக்குத் துணி அனுப்பும் சான் பிரான்சிஸ்கோ வியாபாரியான லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். 1873 மே 20-ல் இருவர் பேரிலும் காப்புரிமை கிடைத்தது. உலகம் அதை ஜீன்ஸின் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறது. காப்புரிமைப் பத்திரத்தின் தலைப்பில் இருப்பதோ பேன்ட் அல்ல; பையின் வாயை இறுக்குவதில் ஒரு மேம்பாடு. ஒரு டெய்லராக எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. பையின் மூலையை யோசித்தவர் ஒரு தொழிலையே தொடங்கி வைத்திருக்கிறார்.

அந்த ஜீன்ஸின் பின்பை ரிவெட்டுகள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகின்றன என்று புகார் வந்து, 1937-ல் அவற்றைத் துணிக்குள் மறைத்தார்கள். 1960-களில் எடுத்தே விட்டு, நூலாலேயே இறுக்கினார்கள். அதுதான் நாங்கள் சொல்லும் பார்டேக். அரை அங்குலத்துக்குள் 28 அல்லது 42 குத்து. ஒரு பேன்ட்டில் பார்டேக் எத்தனை இடத்தில் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், தைத்தவர் போடுகிறவரை எவ்வளவு மதித்தார் என்று கண்டுபிடித்துவிடலாம். விலை குறைத்துக் கேட்கும் ஆர்டரில் முதலில் போவது இதுதான். அடுத்துப் போவது பைத் துணி. மேலே நல்ல டிரில் துணி போட்டுவிட்டு, உள்ளே சல்லடை மாதிரிப் பாக்கெட் துணியை வைத்துத் தைத்துவிடுவார்கள். கடையில் தொட்டுப் பார்ப்பவர் உள்ளே கைவிட்டா பார்க்கிறார்? மூன்றாம் வாரம் ஸ்க்ரூ நுனி அடியில் பொத்தல் போட்டிருக்கும். பையின் அடிப்பாதிக்காவது மேல்துணியையே கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அடிமூலையைச் சதுரமாக விடாமல் வளைத்துத் தைப்பது இன்னொன்று. சதுர மூலையில் சிமென்ட்டும் மரத்தூளும் சேர்ந்து, வியர்வை பட்டுக் கெட்டியாகிவிடும். பிளம்பர் பை என்றால் அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை.

வாயை எப்படி மூடுவது என்பதில் எல்லாரும் சொல்லும் பதில் வெல்க்ரோ. கொத்து வேலை நடக்கும் இடத்தில் அது ஒரு மாதம் தாங்கினால் அதிசயம். தூசியும் நூலும் அடைத்துக்கொண்டு ஒட்டாமல் போய்விடும். ஜிப்பின் பல்லில் சிமென்ட் ஏறி இறுகும். சாந்துக் கையோடு பொத்தானைப் போட முடியாது. டிச் பட்டன் பரவாயில்லை, தட்டினால் மூடும். ஆனால் உலோகம், கரண்ட் வேலைக்காரருக்கு ஆகாது. ஆழமான பை, குறுகிய வாய், மேலே உள்மடிப்பாக ஒரு மூடி. இதற்கு மிஞ்சிய பூட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. அதோடு பைக்குள் ஒரு துணி வளையம், கட்டிங் பிளேயரில் கயிறு கோத்து மாட்ட. மூன்று மாடி உயரத்திலிருந்து, அதாவது பத்து மீட்டரிலிருந்து, நழுவுகிற எதுவும் தரைக்கு வரும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கீழே நிற்கும் சித்தாளின் தலைக்கு அந்த வளையம்தான் ஹெல்மெட்டுக்கு முந்திய காப்பு.

எல்லா இடத்திலும் பையைக் கூட்டுவதும் சரியில்லை. வெல்டருக்குத் திறந்த பை வைத்தால் தீப்பொறி அதில் போய் உட்காரும். பேன்ட்டின் கால் மடிப்பும் அப்படியே. கரண்ட் வேலைக்குப் பாலியஸ்டர் கலந்த துணி மலிவு, கசங்காது, பார்க்க மிடுக்கு. ஃபிளாஷ் அடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி கருகும், உருகாது. உணவுத் தொழிற்சாலையில் இடுப்புக்கு மேல் வெளிப்பையே வைக்கக்கூடாது என்பார்கள், பேனா மாவில் விழுந்தால் யார் பொறுப்பு? ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்பவருக்கு உடம்போடு ஒட்டிய உடுப்பு வேண்டும், அதை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவு சொன்னது. அந்த இடத்தில் தொங்கும் பைமூடி சாவுக்கு நீட்டிய கை.

இதையெல்லாம் ஏதோ நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். லுங்கியில் பை கிடையாது. அதனால் பையை உள்ளே வைத்தார்கள். பட்டாபட்டி டிரவுசரின் பையில் கைவிட்டால் மணிக்கட்டு வரை இறங்கும். மேலே லுங்கியைத் தூக்கி மடித்துக் கட்டலாம், குத்துக்காலிடலாம், தென்னை ஏறலாம். பணம் தொடையோடு ஒட்டி, இன்னொரு துணியின் மறைவில் இருக்கும். சந்தையில் மாட்டு வியாபாரியின் பச்சைப் பெல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அரையில் இறுக்கிய அகலமான பட்டை, அதிலேயே மூடி போட்ட பைகள். வயிறு குனிந்தாலும் அந்தப் பட்டை குனிவதில்லை. எடை தாங்க வேண்டியது இடுப்பெலும்பு, துணி அல்ல என்பது அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கம்பெனி யூனிஃபார்ம் வந்ததும் இந்த இரண்டும் நாகரிகமில்லை என்று போய்விட்டன. பதிலுக்குக் கொடுத்தது என்ன? நெஞ்சில் கம்பெனி பேர் எம்பிராய்டரி, அதற்குக் கீழே அந்த நாலரை அங்குலப் பை. பேர் மறையக்கூடாது என்பதற்காகப் பைக்கு மூடி வேண்டாம் என்று சொன்ன ஆர்டரையும் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பெண்களுக்கு அதுவும் இல்லை. கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். வெயிலுக்கும் சாந்துக்கும் காப்பு; கூடவே ஒரு பை. ஆனால் அந்தப் பை இருக்கிற இடம் நெஞ்சில். செல்போனை வைத்தால் துருத்தும், குனிந்தால் விழும். சட்டியைத் தலையில் ஏற்றக் கைகளைத் தூக்கினால் சட்டையே நாலு விரற்கடை மேலே ஏறும். கடைசியில் பணம் சுருக்குப் பைக்கும் முந்தானை முடிச்சுக்குமே போய்ச் சேரும்.

எங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்துக்கு வந்த ஒரு அக்கா, தன் அளவுக்கே அப்படி ஒரு சட்டை தைத்துத் தரக் கேட்டார். கையைத் தூக்கச் சொல்லி, குனியச் சொல்லி அளவெடுத்தேன். கைக்குழியை உயர்த்தி வெட்டி அக்குளில் ஒரு டைமண்ட் துண்டு சேர்த்தால், கை தூக்கும்போது சட்டை அவ்வளவு ஏறாது. செல்போன் பை வலது பக்கம், விலாவுக்குக் கீழே, மூடியோடு. இன்னொன்று வேண்டும் என்றார். “அது உள்ளுக்குள்ள இருக்கோணும்ண்ணா. தையல்கூட வெளிய தெரியக்கூடாது.” சனிக்கிழமை கூலி வாங்கினால் வீட்டுக்குப் போகிற வழியிலேயே அதைக் கேட்கிற கை ஒன்று இருக்கிறதாம். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. பையின் துணியை வெளித்துணியில் பிடிக்காமல் பக்கத் தையலிலும் பட்டன் பட்டியிலும் மட்டும் பிடித்தேன். வாயைப் பட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். அவரே பட்டன் ஒன்றைக் கழற்றினால்தான் கை உள்ளே போகும்.

போட்டுப் பார்த்து, இரண்டு தரம் குனிந்து நிமிர்ந்து, கையைத் தூக்கிப் பார்த்து, சரி என்றார். கூலியில் முப்பது ரூபாய் குறைக்கச் சொன்னார். வெளியே தெரியாத பைக்கெல்லாம் எதற்குக் காசு என்பது அவர் கட்சி. தெரியாமல் தைப்பதற்குத்தான் அக்கா கூலியே என்று நான் பிடித்த பிடியில் நின்றேன். பதினைந்தில் முடிந்தது.