புறங்கைச் சூடு

சித்திரை மாதத்து ராத்திரி, ஒன்பது மணி வாக்கில் கரண்ட் போய்விட்டது, அறைக்குள் இருக்க முடியாமல் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்தேன், பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் இன்னும் வெதுவெதுவென்று இருந்தது. சூரியன் மறைந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகியும் அதன் சூடு என் முதுகுக்கு வந்துகொண்டிருந்தது. மொட்டை மாடிக்குப் போகலாமென்றால் கதவு பூட்டியிருக்கிறது, குடியிருப்போர் சங்கத்தில் சாவி கேட்டு வாங்கிப் போனாலும் அங்கே தண்ணீர்த் தொட்டிகளும் டிஷ் ஆன்டெனாக்களும்தான்.

திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் வீட்டு மாடி தட்டோடு பதித்தது, சாயங்காலம் ஐந்து மணிக்குத் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலைந்து குடம் தண்ணீரைச் சாய்த்துவிடுவார், புஸ்ஸென்று ஆவி கிளம்பி, நனைந்த செங்கல்லும் பழைய சுண்ணாம்பும் சேர்ந்து ஒரு வாசம் எழும். அத்தனை ஊற்றியும் பாயை விரித்துப் படுத்தால் நடுச்சாமம்வரை தரையின் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். கீழே ஆச்சி அடுப்பில் மிஞ்சிய தணலைச் சாம்பலால் மூடிவிட்டுத்தான் படுப்பாள், விடியுமுன் இருட்டிலேயே எழுந்துபோய்ச் சாம்பல்மேல் புறங்கையைப் பிடிப்பாள், உள்ளங்கை காய்த்துப் போனது, அதற்கு ஒன்றும் தெரியாது என்பாள். சாம்பலில் பொட்டு வெளிச்சம் இருக்காது, ஆனால் "கெடக்குடா" என்று சொல்லிவிட்டு ஊதுகுழலை எடுப்பாள்.

2024 மே மாதம், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்ட ஒரு விண்மீன் திரளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தப் புறங்கைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்று பெயர், பிரபஞ்சம் பிறந்து 29 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தபோது அதிலிருந்து புறப்பட்ட ஒளி, 1350 கோடி ஆண்டுகள் வழி நடந்து வந்திருக்கிறது. புறப்படும்போது அது கண்ணைக் கருக்கும் புற ஊதா, இளம் நட்சத்திரங்களின் வெளிச்சம், வருகிற வழியில் விண்வெளியே விரிந்துகொண்டிருந்ததால் அலையும் கூடவே 15 மடங்கு நீண்டு, நம்மிடம் சேரும்போது அகச்சிவப்பாகிவிட்டது. அடுப்புச் சாம்பலிலிருந்து ஆச்சியின் கைக்கு வந்ததும் அகச்சிவப்புதான். அந்த ஒளியை நிறம் பிரித்துப் பார்க்க 2024 ஜனவரியில் தொலைநோக்கி ஏறக்குறைய பத்து மணி நேரம் அதையே பார்த்திருந்தது.

இப்படி மங்கிய சூட்டை உணர, உணர்கிறவருக்குச் சூடு இருக்கக் கூடாது. பார்க்கிற இடத்தில் சூடு ஆகாது என்று முதலில் எனக்குச் சொன்னவர் காவலூர் வானாய்வகத்தில் ஒரு பெரியவர். வாணியம்பாடியில் தோல் கிடங்கில் வேலை பார்த்த சித்தப்பா, சட்டையில் எப்போதும் பதனிட்ட தோலின் நெடி, ஒரு நாள் என்னை ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார், 1986-இல் அங்கே வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்க. குவிமாடத்துக்குள் எண்ணெய்ப் பிசுக்கும் இரும்பும் மணத்தன, மஃப்ளர் சுற்றிய அந்தப் பெரியவர் சாயங்காலமே கதவைத் திறந்துவிட்டு நின்றார், இந்தக் குளிரில் ஏன் என்று சித்தப்பா கேட்டதற்கு, "உள்ளாற சூடு இருந்தா நட்சத்திரம் நடுங்கும், தம்பி" என்றார். வெளிக்காற்றும் உள்காற்றும் ஒரே குளிருக்கு வரும்வரை அவர் அவசரப்படவில்லை.

வெப் செய்வதும் அதுதான், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய், கூரைக்குக் கீற்று அடுக்கினாற்போல் தலைமயிர் கனத்துக்கும் குறைந்த ஐந்து படலங்களைச் சூரியனுக்கு எதிரே விரித்து, அந்த நிழலில், பூச்சியத்துக்குக் கீழே 220 டிகிரிக்கும் மிஞ்சிய குளிரில், தங்கம் பூசிய 18 பெரிலியக் கண்ணாடிகளை வைத்துக்கொண்டு இருக்கிறது. அது அனுப்பும் படங்கள் என் போனுக்கும் வருகின்றன, ஒரு விரல் தள்ளலில் போய்விடுகின்றன, அவற்றின் நிறங்களும் நம் கண்ணுக்காகப் பின்னால் ஏற்றியவை, அதனால்தானோ என்னவோ பார்த்து முடித்ததும் கையில் ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும்.

கரண்ட் வந்துவிட்டது, படியில் குழல்விளக்கு எரிந்தது, என்னைப்போல் படியில் வந்து உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே போனார்கள், நான் எழுந்திருக்கவில்லை, புறங்கையைத் திருப்பிச் சுவரில் வைத்துப் பார்த்தேன், முதுகுக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரிந்தது.

வெப் கண்ட அந்தத் திரள் தெரியும் திசையிலுள்ள விண்மீன் கூட்டத்துக்கு 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வானியலாளர் லக்காய் வைத்த பெயர் உலை. மார்கழியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கு பார்த்து நின்று, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே பாருங்கள், பளிச்சென்ற நட்சத்திரம் ஒன்றுகூட இல்லாமல் வெறும் இருட்டாக ஓர் இடம் தெரியும், அங்கேதான்.